மரியாம்பிள்ளையின் கண்ணைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

1

எங்கள் கழகத்து ரைட் பேக் சூசையின் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்ற செய்தி, வீக்கம் வற்றிய பிறகுதான் எனக்குக் கிடைக்கும். மன்னாரில் போட்ட கடிதம் ரயிலேறி, கொழும்பில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, மறுபடியும் ரயிலேறி, மலாயாவில் இந்தச் சிரம்பான் பட்டினத்துக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல் ஆகும். முப்பத்தேழு வருடமாக நான் ஆறிப்போன வீக்கங்களுக்கு மெழுகுதிரி கொளுத்தி வருகிறேன். முடிந்துபோன ஆட்டங்களில் வெற்றி கேட்டு மன்றாடியிருக்கிறேன். அவற்றில் சிலவற்றில் வென்றும் இருக்கிறோம். கடவுளுக்குத் தபால் தாமதம் ஒரு பொருட்டல்ல போலும்.

இவ்வருடத்துக் கடிதம் விபூதிப் புதனுக்கு முதல் நாள் எழுதப்பட்டது. எழுதியவன் என் தங்கையின் மகன் அந்தோனி, முத்துச்சிப்பி உதைபந்தாட்டக் கழகத்தின் இன்றைய செயலாளர். ஊரை விட்டு வருமுன் அந்தப் பதவியில் நான் இருந்தேன். ஆட்டப் பருவம் தொடங்குமுன் அணியின் நிலைமையை எனக்கு எழுதுவது அவன் வழக்கம். பேசுவதுபோலவே எழுதுவான்.

"மாமா, சென்டர் போர்வேட் யோசேப்பு கலியாணம் முடிச்சிட்டான். மனுசி நல்லாச் சமைக்கிறா. இப்ப அவன் ஓடேக்க முதல் வயிறு வருகுது, பிறகுதான் ஆள் வாறான். ரெண்டு பேர் கிழக்குக் கரையில வாடி போட்டு மீன்பிடிக்கினம், காத்து மாறினாத்தான் வருவினம். எருக்கலம்பிட்டிக்காரர் கொழும்பில இருந்து பூட்ஸ் எடுப்பிச்சிருக்கினம். பதினொரு பேருக்கும். நாங்கள் வெறுங்கால். முதல் ஆட்டம் அவையோடதான்."

பூட்ஸ் விஷயம் என்னை இரண்டு நாள் சரியாகச் சாப்பிட விடவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் மைதானம் பாதி மணல். மீதியில் கழுதைகள் படுத்திருக்கும். கழுதையில் பட்ட பந்து ஆட்டத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்பது விதி. இந்த நிலத்தில் பூட்ஸ் போட்டவன் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டான். இதைக் காலைத் தேநீரின்போது வீட்டாருக்கு விளக்கினேன்.

என் பேரன் வில்லியம் இங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடுகிறவன். அவன் கேட்டான்: "அப்பப்பா, அவங்க விளையாடுறத நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"முப்பத்தேழு வருசம் இருக்கும்."

"இப்ப இருக்கிற டீம்ல யாரையாவது தெரியுமா?"

"அவையின்ர அப்பாமாரைத் தெரியும்."

அவன் தன் தாயிடம் மலாயில் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். என் மலாய் மீன் வாங்கும் அளவுக்கு மட்டுமே. அவர்கள் பேசியதில் மீன் எதுவும் இல்லாததால் எனக்கு விளங்கவில்லை.

2

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

"கோலுக்குத்தான் ஆள் பிரச்சினை மாமா. மரியாம்பிள்ளை அண்ணையின்ர மகன் பிறான்சிஸ் நிக்க ஆசைப்படுறான். இருவது வயசு. பாயுறான், விழுறான், எல்லாம் செய்யிறான். ஆனா கொமிற்றிக்குப் பயம். தகப்பனுக்குக் கண் பழுது எண்டு நீங்கள் எழுதின ரிப்போட்டு இன்னும் கழகத்து அலுமாரிக்க கிடக்கு. உப்பிடியான பழுது பரம்பரையா வரும் எண்டு பங்குச் சுவாமியும் சொல்லுறார். பெடியன் ஒவ்வொரு நாளும் என்ர வாசல்ல வந்து நிக்கிறான். ஒண்டும் கேக்கிறானில்லை, சும்மா நிக்கிறான். பாஸ்குத் திங்கள் அணியை வாசிக்கேக்க அவன்ர பேர் இருக்கவேணுமோ வேண்டாமோ? நீங்கள் எழுதுறபடி செய்வம். அந்தக் கண்ணை முதல் கண்டுபிடிச்ச ஆள் நீங்கள்தானே."

எங்கள் பகுதிக்கு வெளியே இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். பாஸ்கு என்னும் உயிர்த்த திருநாளுக்கு முந்திய தபசுகாலம் நாற்பது நாளும் எங்களிடையே பந்து உதைக்கக் கூடாது. ஓடலாம், தண்டால் எடுக்கலாம், வலை இழுக்கலாம். பந்தைத் தொட்டால் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டும். ஆனால் பாஸ்கு முடிந்த அடுத்த ஞாயிறே முதல் ஆட்டம். விளையாடிப் பார்த்து ஆள் தெரிய அவகாசமில்லை. ஆகவே செயலாளர் நாற்பது நாளும் ஒவ்வொருவரையும் கவனித்து, கால், மூச்சு, கண், நடத்தை என்ற நான்கு தலைப்பில் ஓர் அறிக்கை எழுதுவார். பாஸ்குத் திங்களன்று பூசை முடிந்ததும் அது கோயில் முற்றத்தில் வாசிக்கப்படும். அறிக்கைப்படி அணி. உதைபந்தாட்ட அணியைப் பந்து இல்லாமல் தெரிவு செய்யும் ஊர் வேறெங்கும் இருக்கிறதா என்று நான் இந்த நாட்டில் பலரிடம் விசாரித்துவிட்டேன். இல்லை.

என் காலத்து அறிக்கைகளுக்கு நல்ல பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் படித்தவன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். "சூசைப்பிள்ளை: மூச்சு நன்று, நடத்தை சுமார்" என்று நான் எழுதினால் சூசைப்பிள்ளையின் மாமியாரே மருமகனின் நடத்தையைக் கவனிக்கத் தொடங்குவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கழகத்தின் றப்பர் முத்திரையைக் குத்துவேன்.

3

மரியாம்பிள்ளையின் கண்ணில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. நானாகவே உண்டாக்கினேன்.

பொய்யைக் கோயில் முற்றத்தில் எல்லோர் காதும் கேட்க வாசித்தவன், உண்மையை ஒருவருக்கு மட்டும் கடிதத்தில் எழுதிவிட்டு இருப்பது நியாயமில்லை. அதனால்தான் இதை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

நான் நான்கு வருடம் கழகத்தின் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது இடைவேளையில் ஆட்டக்காரர் சூப்பும் புளித் தேசிக்காயை வெட்டிக் கொடுப்பவன். முதலாவது கோல்கீப்பர் மரியாம்பிள்ளை. என்னிலும் ஏழு வயது இளையவர், கரைவலைத் தொழிலாளி. அந்தக் கரையில் மீன்கூட்டம் பார்ப்பவரும் அவர்தான். வலை போடுமுன் மேட்டில் நின்று கடலின் நிறத்தைப் பார்ப்பார். கூட்டம் எங்கே, எந்த மீன், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று துணியை வீசிக் காட்டுவார். அவர் வீசாமல் தோணி இறங்காது. அப்படிப்பட்ட கண்ணிலிருந்து ஒரு பந்து தப்புமா?

மலாயா ரயில்வேயில் எனக்கு வேலை ஒழுங்காகியிருந்தது. கலியாணமும் பேசியிருந்தார்கள். பெண் தெரேசா, பக்கத்துக் கடற்கரை ஊரான அரிப்பில் ஒரு வாத்தியாரின் மகள். பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு அவர்கள் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருவதாக ஏற்பாடு. தேசிக்காய் வெட்டுகிறவனாக அவர்கள் முன் நிற்க எனக்கு மனமில்லை. ஒரே ஒரு ஆட்டம் போதும் என்று நினைத்தேன்.

ஆகவே எழுதினேன்: "மரியாம்பிள்ளை. கால் நன்று. மூச்சு மிக நன்று. நடத்தை நன்று. கண்: தூரப் பார்வை மங்கி வருகிறது. விரைவாக வரும் பந்தைக் காண்பதில் தாமதம் உண்டு." முத்திரை குத்தினேன்.

வாசித்து முடித்ததும் முற்றம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னிடம் வந்தார்.

"கிளாக்கர் அண்ணை, எனக்கு வடிவாத் தெரியுதே."

"உனக்கு அப்பிடித்தான் இருக்கும். கண் பழுதானவனுக்குத் தன்ர கண் பழுதெண்டு எப்பிடித் தெரியும்? பாக்கிறதும் அதே கண்தானே."

சிறிது நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

நான் படித்த படிப்பின் முழுப் பயனையும் அந்த ஒரு வசனத்தில் செலவழித்தேன்.

ஞாயிறன்று கோலில் நான் நின்றேன். எருக்கலம்பிட்டி அணி ஐந்து கோல் அடித்தது. நான்காவது கோலுக்குப் பிறகு அவர்கள் பக்கத்தில் ஒரு மரக்கறி வியாபாரி எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "கிளாக்கர் தம்பி, அந்தக் கண் தெரியாதவரை ஒருக்கா விடுங்கோ! ஒரு பந்தையாவது தடவிப் பிடிப்பார்!" அரிப்பு வாத்தியாரும் சிரித்ததை நான் கண்டேன்.

கலியாணம் எப்படியோ நடந்தது. கப்பலில் மூன்றாம் நாள் தெரேசா கேட்டாள்: "அண்டைக்கே கேக்கவேணும் எண்டிருந்தனான். நீங்கள் அதில நிண்டது பந்தை மறிக்கவோ, இல்லாட்டி வாங்கோ வாங்கோ எண்டு உள்ள கூப்பிடவோ?" மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோகும்வரை அவள் அதை விடவில்லை. ஆனால் நான் ஏன் அன்று கோலில் நின்றேன் என்பதை அவளிடமும் நான் சொன்னதில்லை.

நான் திருடியது ஒரு ஆட்டம் மட்டுமே என்று எண்ணிக்கொண்டுதான் கப்பலேறினேன். அப்படியில்லை என்பதை மற்றவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஒவ்வொன்றாக அறிந்தேன்.

முதலில் கண்ணாடி. ஊர் ஊராகக் கண்ணாடி விற்றுத் திரியும் ஒருவனிடம் மரியாம்பிள்ளை பித்தளைச் சட்டம் போட்ட ஒன்றை வாங்கினாராம். வியாபாரி அதை மாட்டிவிட்டு, "அந்தப் பனையில என்ன தெரியுது?" என்றானாம்.

"காகம்."

"முந்தித் தெரியேல்லையோ?"

"முந்தியும் தெரிஞ்சது. ஆனா இப்ப கண்ணாடியோட தெரியுது."

அது வெறும் ஜன்னல் கண்ணாடியாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் கழற்றவில்லை. அடுத்தது தொழில். கண்ணாடி போட்ட ஒருவரை நம்பி வலை இறக்க முடியாது என்று வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி அவரை மேட்டிலிருந்து இறக்கிக் கயிறு இழுக்க விட்டார். நேற்றுவரை கூட்டம் காட்டியவரை, நேற்றுவரை அவர் காட்டிய மீனைத் தின்றவர்களே இறக்கினார்கள். அறிக்கையில் எழுதியிருந்ததல்லவா?

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு, அவரிடமிருந்து எனக்கு இரண்டு வரி வரும், யாரையாவது கொண்டு எழுதுவித்து: "கிளாக்கர் அண்ணை நேரத்துக்குச் சொன்னபடியால் கடலில் ஒரு பிழையும் நடக்கவில்லை. நன்றி." முப்பத்தேழு நத்தார். இங்கே என் வீட்டில் கேக் வெட்டும்போது அந்தக் கடிதம் மேசையில் இருக்கும். நான் அதைத் தட்டின் கீழ் வைப்பேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றால், வெட்கம். பிறகு பழகிவிட்டது. பழகியது வெட்கத்தைவிட மோசம்.

4

அந்தோனியின் கடிதம் வந்த அன்றே தந்திக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருப்பவர் யாழ்ப்பாணத்துத் தம்பிராசா. தந்தி ஆங்கிலத்தில்தான் போகும். என் தாளை வாங்கி வாசித்தார். முப்பது வருடம் ரயில்வேக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான். தாழ்மையுடன், கீழ்ப்படிதலுடன், பணிவுடன் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். "நான் பொய் சொன்னேன்" என்பதை அந்த மொழியில் அன்றுதான் முதல் முறை எழுதினேன்.

"மரியாம்பிள்ளை கண் நன்று. அறிக்கை பொய். பொய் என்னுடையது. மகனைக் கோலில் நிறுத்துக."

தம்பிராசா நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை, ஆருக்கும் கண் ஒப்பறேசனோ?"

"இல்லை. உதைபந்தாட்டம்."

"அப்ப ஏன் தந்தி? தந்தியெண்டா ஆரோ செத்திட்டினம் எண்டு வீட்டில குளறப் போகினம்."

"அனுப்பும் தம்பி."

அவர் அனுப்பினார். வெளியே வந்தபின் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் கொமிற்றியை எனக்குத் தெரியும். முத்திரை இல்லாத எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். நானே பழக்கிய பழக்கம். மறுநாள் சத்தியக் கடதாசி முடிக்க இங்குள்ள சமாதான நீதவானிடம் போனேன். வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற தோட்டத்துரை. அவருடைய கிளாக்கர் கொண்டுவந்த படிவத்தில் காணி, பிறப்பு, பெயர் மாற்றம், தொலைந்த பொருள் என்று கட்டங்கள் இருந்தன. முப்பத்தேழு வருடத்துக்கு முந்திய பொய்க்குக் கட்டம் இல்லை. நெடுநேரம் யோசித்துவிட்டுக் கிளாக்கர் "தொலைந்த பொருள்" என்பதில் புள்ளடி போட்டார்.

துரை வாசித்துவிட்டுக் கேட்டார்: "நீ அப்போது பொய் சொன்னாயா, அல்லது இப்போது சொல்கிறாயா?"

"அப்போது, ஐயா."

"இதனால் நட்டமடைந்தது யார்?"

"ஒரு கோல்கீப்பர். இப்போது அவருடைய மகனும்."

"அன்று அவருக்குப் பதிலாகக் கோலில் நின்றது யார்?"

"நான்."

"முடிவு?"

"ஐந்துக்குப் பூச்சியம்."

துரை பேனையை மேசையில் வைத்தார். அவரும் இளமையில் ஆடியவராக இருக்க வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதற்கு நீ முப்பத்தேழு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்" என்று சொல்லிச் சிவப்பு அரக்கை உருக்கி முத்திரையை அழுத்தினார். அதோடு மரியாம்பிள்ளைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வைத்து அன்றைய தபாலில் சேர்த்தேன். பாஸ்குத் திங்களுக்கு முன் போய்ச் சேருமா என்று கப்பல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே மீதித் தபசுகாலத்தைக் கழித்தேன். வில்லியம்கூட இரண்டொரு தடவை, "அந்தக் கப்பல் கொழும்புக்குப் போயிட்டுதா?" என்று கேட்டான்.

5

அந்தோனியின் பதில் போன கிழமை வந்தது.

"தந்தி கிடைச்சுது மாமா. சுவாமி வாசிச்சுப்போட்டுக் கண் கலங்கிட்டார். ஒரு ஏழைப் பெடியனுக்காகத் தன்ர பேரையே கெடுத்துக்கொள்ளுறார், இப்பிடியும் ஒரு மனுசன் எண்டு பிரசங்கத்தில சொன்னவர். உங்கட சுகத்துக்கு ஒரு பூசையும் வைச்சது. ஆனா ரிப்போட்டை மாத்த ஏலாது எண்டு கொமிற்றி சொல்லிப்போட்டுது. அதில முத்திரை இருக்கு, தந்தியில இல்லை. பிறகு பெரிய வியாழன் அண்டு உங்கட சத்தியக் கடதாசி வந்தது. சிவப்பு அரக்கைக் கண்ட உடன எல்லாரும் நம்பிட்டினம். உள்ள என்ன எழுதியிருக்கெண்டு பிறகுதான் வாசிச்சது."

என் பொய்யை றப்பர் முத்திரைக்காக நம்பினார்கள். என் உண்மையை அரக்கு முத்திரைக்காக நம்பினார்கள். இரண்டு தடவையும் ஒருவருக்குமே தகப்பனையோ மகனையோ நோக்கி ஒரு பந்தை உதைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கேட்டால் தபசுகாலம் என்று சொல்வார்கள்.

எப்படியோ, பாஸ்குத் திங்களன்று பிறான்சிசின் பெயர் வாசிக்கப்பட்டது. ஆட்டத்தைப் பற்றி அந்தோனி இப்படி எழுதுகிறான்:

"எருக்கலம்பிட்டிக்காரருக்கு இடைவேளைக்கு முதலே கால் கொப்புளிச்சுப் போச்சு. பூட்ஸைக் கழட்டி வரிசையா வைச்சினம். நாங்கள் கைதட்டிச் சிரிச்சம். பிறகு வெறுங்காலோட வந்து மூண்டு கோல் அடிச்சினம். பிறான்சிசின்ர கண்ணில ஒரு பழுதும் இல்லை மாமா. மூண்டு பந்தும் உள்ள போறதை வடிவாப் பாத்துக்கொண்டு நிண்டவன். ஆனா அடுத்த ஆட்டத்துக்கும் அவன்தான். முதல் ஆட்டத்தில அஞ்சு வாங்கின ஆளின்ர பேச்சைக் கேட்டு முப்பத்தேழு வருசம் இருந்தம், மூண்டு வாங்கினவனுக்கு ஒரு மாசம் குடுக்கக்கூடாதோ எண்டு கப்டன் கேட்டவர்."

என் கருத்தைக் கேட்டால், மூன்று என்பது மோசமில்லை. பயிற்சியில் கைகளைச் சரிசெய்யலாம். யோசேப்பின் வயிற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மரியாம்பிள்ளையைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தான். சுவாமியின் பிரசங்கத்தைக் கேட்டு அவரும் தந்தியை என் பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தாராம். சத்தியக் கடதாசியும் என் கடிதமும் வந்த அன்று பின்னேரம், கொமிற்றிக்குக் காட்டுமுன் அந்தோனி அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினானாம். அவர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து மடியில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தா, அரிப்புப் பக்கத்தால ரெண்டு தோணி வருகுது" என்றாராம். "முன்னுக்கு வாறதின்ர பாய் கிழிஞ்சிருக்கு."

அந்தோனிக்கு ஒன்றும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் இரண்டு தோணிகள் தெரிந்தன. முன்னால் வந்ததன் பாய் கிழிந்திருந்தது.

அதன்பின் அவர் பேசியதை அந்தோனி அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறான். நானும் ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

"கிளாக்கர் அண்ணைக்கு எழுது. மன்னிப்புக் கேட்டிருக்கிறியள். யோசிச்சுச் சொல்லுறன். சொல்லுறதுக்கு நீங்கள் முப்பத்தேழு வருசம் எடுத்தனீங்கள். எனக்கும் கொஞ்சக் காலம் வேணும்."

நியாயமான பதில். அவரை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எனக்கு அறுபத்தேழு வயது நடக்கிறது என்பதை, அந்தோனி, பேச்சோடு பேச்சாக ஒருமுறை அவர் காதில் போட்டுவைத்தால் நல்லது.